தரைமட்ட ஓசோனும் ஓசோன் படலமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரு பக்கம் ஓசோனைக் காப்பாற்று என்கிறார்கள், இன்னொரு பக்கம் ஓசோன் கெட்டது என்கிறார்கள். இரண்டும் ஒரே ஓசோன்தானா?

ஒரே வாயுதான். நாம் சுவாசிக்கும் ஆக்சிஜனில் ஒரு மூலக்கூறுக்கு இரண்டு அணுக்கள், ஓசோனில் மூன்று. அந்த மூன்றாவது அணு சரியாக ஒட்டாமல் நிற்பதால், எதைத் தொட்டாலும் அதில் போய்ச் சேர்ந்து அதை ஆக்சிஜனேற்றம் செய்துவிடும். நுரையீரலின் உட்சுவர், இலையின் உட்புறம், ரப்பர் என்று எல்லாமே அதற்கு ஒன்றுதான். பத்து இருபது கிலோமீட்டருக்கு மேலே அப்படித் தொட உயிர் எதுவும் இல்லை. அங்கே சூரியனின் புற ஊதாக் கதிரைத் தடுக்கும் வேலையை மட்டும் அது செய்கிறது. வளிமண்டல ஓசோனில் ஏறத்தாழ 90 சதவீதம் மேலே, அடுக்கு மண்டலத்தில் இருக்கிறது. மீதிப் 10 சதவீதம் நாம் வாழும் அடிவளி மண்டலத்தில்.

குழப்பத்துக்குக் காரணம் பெயர் ஒன்றாக இருப்பதுதான். உருவாகும் விதம், கெடுக்கும் பொருள், தீர்வு ஆகிய மூன்றும் இரண்டுக்கும் வேறு வேறு.

படலம் என்றால் பூமியைச் சுற்றி ஒரு போர்வை போல இருக்கிறதா?

பாடப்புத்தகப் படங்கள் அப்படித்தான் வரைகின்றன. உண்மையில் ஏறத்தாழ 15 முதல் 35 கிலோமீட்டர் உயரத்தில், மிக மெல்லிய காற்றில் தூவிக்கிடக்கும் வாயு அது. அதிக செறிவுள்ள இடத்தில்கூட பத்து லட்சம் மூலக்கூறுகளுக்கு எட்டு, பத்துதான் ஓசோன். தலைக்கு மேலே உள்ள ஓசோன் முழுவதையும் தரைமட்ட அழுத்தத்துக்கும் 0 டிகிரி வெப்பத்துக்கும் கொண்டுவந்து அடுக்கினால் உலக சராசரியில் 3 மில்லிமீட்டர் உயரம் வரும். இதைத்தான் 300 டாப்சன் அலகு என்கிறார்கள். ஒரு மில்லிமீட்டருக்கு நூறு அலகு. 1920களில் இதை அளக்கும் கருவியை உருவாக்கிய ஆக்ஸ்ஃபோர்டு அறிவியலாளர் டாப்சனின் பெயர் அது. கொடைக்கானலிலும் அவர் பெயரிலான கருவியைக் கொண்டு பல பத்தாண்டுகள் அளந்திருக்கிறார்கள்.

தமிழ்நாட்டுக்கு மேலே உள்ள படலம் உலக சராசரியைவிட மெல்லியது, பெரும்பாலும் 300-க்குக் கீழேதான். யாரும் கெடுத்ததால் வந்த குறை இல்லை இது. ஓசோன் அதிகம் உருவாவது வெப்பமண்டலத்துக்கு மேலேதான் என்றாலும், மேல்வளியின் மெதுவான ஓட்டம் அதைத் துருவங்களை நோக்கித் தள்ளிக்கொண்டு போய்விடுகிறது.

மேலே அது எப்படி உண்டாகிறது?

242 நானோமீட்டருக்குக் குறைவான அலைநீளமுள்ள புற ஊதாக் கதிர் ஆக்சிஜன் மூலக்கூறை இரண்டு அணுக்களாக உடைக்கிறது. உடைந்த அணு வேறொரு ஆக்சிஜன் மூலக்கூறோடு சேர்ந்தால் ஓசோன். அந்த ஓசோன் தன் பங்குக்கு புற ஊதாக் கதிரை வாங்கி உடைகிறது, மறுபடியும் சேர்கிறது. 1930-இல் பிரிட்டன் அறிவியலாளர் சாப்மன் விளக்கிய சுழற்சி இது. இந்த ஓயாத உடைவில்தான் மிகக் குறுகிய அலைநீளமுள்ள புற ஊதா சி முழுவதும், அதற்கு அடுத்த புற ஊதா பி பெரும்பகுதியும் செலவாகிவிடுகின்றன. அலைநீளம் கூடிய புற ஊதா ஏ ஏறத்தாழ அப்படியே தரைக்கு வந்துவிடுகிறது.

தரையருகே உள்ள ஓசோன் வாகனப் புகைக்குழாயிலிருந்து வருகிறதா?

இல்லை. எந்தப் புகைக்குழாயும் எந்த ஆலைப் புகைபோக்கியும் ஓசோனை நேரடியாகக் குறிப்பிடத்தக்க அளவில் விடுவதில்லை. கச்சாப்பொருள் மட்டும்தான் அங்கிருந்து வருகிறது. சமைப்பது வெயில்.

வேண்டியவை மூன்று. முதலாவது நைட்ரஜன் ஆக்சைடுகள்: டீசல், பெட்ரோல் இன்ஜின், ஜெனரேட்டர், அனல்மின் நிலையம் என்று எதையெல்லாம் அதிக வெப்பத்தில் எரிக்கிறோமோ அங்கிருந்து வருபவை. இரண்டாவது ஆவியாகும் கரிமச் சேர்மங்கள்: பெட்ரோல் ஆவி, பெயின்ட் தின்னர், அச்சக மை, பசை, சுத்திகரிப்பு ஆலைக் கசிவு. மூன்றாவது வெயில்.

நைட்ரஜன் டையாக்சைடை வெயில் உடைத்து ஓர் ஆக்சிஜன் அணுவைப் பிரிக்கும். அது ஆக்சிஜன் மூலக்கூறோடு சேர்ந்து ஓசோனாகும். ஆனால் மிச்சமான நைட்ரிக் ஆக்சைடு அந்த ஓசோனைப் பிடித்துத் தின்று மறுபடியும் நைட்ரஜன் டையாக்சைடாகிவிடும். கணக்குப் பார்த்தால் வரவும் செலவும் சரி; ஓசோன் சேராது. கரிம ஆவி நடுவில் வந்தால்தான் சிக்கல். காற்றில் அது சிதையும்போது உண்டாகும் துணுக்குகள் நைட்ரிக் ஆக்சைடை ஓசோன் உதவியில்லாமலே டையாக்சைடாக மாற்றிவிடுகின்றன. வரவு நடக்கிறது, செலவு நின்றுபோகிறது, ஓசோன் குவிகிறது.

1943 ஜூலையில் லாஸ் ஏஞ்சலீஸ் நகரைக் கண் எரிக்கும் புகைமூட்டம் மூடியபோது, போர்க்காலமாதலால் எதிரி விஷவாயு வீசிவிட்டான் என்றுகூட மக்கள் நினைத்தார்கள். அதன் வேதியியலை 1950களின் தொடக்கத்தில் அவிழ்த்தவர் வேதியியலாளர் ஹாகன்-ஸ்மிட். ஓசோன் அளவை அறிய அங்கே பயன்பட்டது வளைத்து வைத்த ரப்பர் துண்டு. எவ்வளவு சீக்கிரம் வெடிப்பு விடுகிறதோ அவ்வளவு ஓசோன்.

தைலமரம் போன்ற சில மரங்களும் வெயிலில் ஐசோப்ரீன் என்ற கரிம ஆவியை விடுகின்றன. மரத்தைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. நைட்ரஜன் ஆக்சைடு கூட இல்லாவிட்டால் அந்த ஆவியால் ஓசோனைக் குவிக்க முடியாது.

அப்படியானால் நெரிசல் மிகுந்த சிக்னலில்தான் ஓசோன் அதிகம் இருக்குமா?

பலரும் தவறுவது இங்கேதான். சிக்னலில் பெரும்பாலும் குறைவாக இருக்கும். இன்ஜினிலிருந்து புதிதாக வரும் நைட்ரிக் ஆக்சைடு அந்த இடத்திலேயே ஓசோனைத் தின்றுவிடுகிறது. அந்தக் காற்று நகரத்தைத் தாண்டி நகர்ந்து, இரண்டு மூன்று மணி நேரம் வெயிலில் வெந்து, புறநகரிலோ கிராமத்திலோ போய்ச் சேரும்போது உச்சம் அடைகிறது. காற்று வீசும் திசையில் உள்ள தோட்டக்காரர் நகரத்தின் ஓசோனை வாங்குகிறார்.

இதனால் ஒரு சங்கடம். நகர மையத்தில் நைட்ரஜன் ஆக்சைடை மட்டும் கொஞ்சம் குறைத்தால் ஓசோன் ஏறலாம். 2020 ஊரடங்கில் வூகானிலும் ஐரோப்பிய நகரங்கள் சிலவற்றிலும் நைட்ரஜன் டையாக்சைடு விழ, ஓசோன் உயர்ந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் லாரி குறைந்தும் ஓசோன் கூடுவதை லாஸ் ஏஞ்சலீஸில் பல ஆண்டுகள் பார்த்திருக்கிறார்கள். "அப்போ வண்டி ஓடினால்தான் நல்லது போல" என்று இதைத் திரித்துச் சொல்பவர்களும் உண்டு. அது சரியில்லை: நைட்ரஜன் டையாக்சைடே நச்சு, காற்று போகும் வழியில் உள்ளவர்களுக்கு ஓசோன் குறைவதும் அதைக் குறைத்தால்தான். நகர மையத்தில் கரிம ஆவியையும் சேர்த்துக் குறைக்க வேண்டும், அவ்வளவுதான். ஊரகத்தில் மரங்களின் ஆவி தாராளமாக இருப்பதால் அங்கே நைட்ரஜன் ஆக்சைடைக் குறைப்பதே வேலை செய்யும்.

எந்த நேரத்தில் அதிகம்?

பகல் 12 மணிக்குமேல் ஏறி, பிற்பகல் 1 முதல் 4 வரை உச்சத்தில் நின்று, வெயில் சாய்ந்ததும் இறங்கும். அதிகாலையில் மிகக் குறைவு. மேகமில்லாத, காற்று அசையாத, வெப்பம் மிகுந்த நாட்கள் மோசம். பருவமழைக் காலத்தில் தணிந்துவிடும். நுண்துகளான பிஎம் 2.5-க்கு நேர் எதிர் இது: துகள் குளிர்காலக் காலையில் தேங்கும், ஓசோன் கோடைப் பிற்பகலில். காலை நடைப்பயிற்சியை மாலை 3 மணிக்கு மாற்றிக்கொண்டவர் ஒன்றிலிருந்து தப்பி மற்றொன்றில் மாட்டுகிறார்.

தரையில் அதிகமாக இருப்பதை மேலே அனுப்பி, படலத்தில் விழுந்த ஓட்டையை அடைத்தால் என்ன?

அடிக்கடி வரும் கேள்வி, நியாயமானதும்கூட. மூன்று தடைகள். தரையருகே ஓசோனின் ஆயுள் சில மணி நேரம் முதல் சில வாரம் வரைதான். மண், இலை, சுவர் என்று பட்ட இடத்தில் அழியும். இரண்டாவதாக, அடுக்கு மண்டலத்தில் மேலே போகப் போக வெப்பம் கூடுவதால், கீழுள்ள காற்று எளிதில் அதற்குள் ஏறாது. மூடி போட்டது போல நிற்கும். மூன்றாவது அளவு. படலத்தில் உள்ள ஓசோன் ஏறத்தாழ 300 கோடி டன். அதில் சிறு பங்கைத் தயாரித்து ஏற்றுவதற்கே மலைக்கவைக்கும் அளவு மின்சாரம் வேண்டும். தவிர, ஓட்டைக்குக் காரணமான குளோரின் அங்கேயே இருக்கும்வரை, ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றிய கதைதான்.

மேலே உள்ள ஓசோன் கீழே வருமா?

கொஞ்சம் வரும். நடு அட்சரேகைகளில், குறிப்பாக வசந்த காலத்தில், அடுக்கு மண்டலக் காற்று நாக்கு போல இறங்கி உயர்ந்த மலைப்பகுதிகளில் ஓசோனை ஏற்றிவிடுவது உண்டு.

நாமே மேலே போய்ச் சந்திப்பதும் உண்டு. நீண்டதூர விமானங்கள் துருவப் பக்கம் பறக்கும்போது அடுக்கு மண்டலத்தின் அடிப்பகுதியைத் தொடுகின்றன. அந்தக் காற்றை அப்படியே அறைக்குள் விட்டால் பயணிகளுக்கு இருமலும் நெஞ்சு வலியும் வரும். ஆகவே பல விமானங்களில் காற்று வரும் குழாயில் ஓசோனைச் சிதைக்கும் வினையூக்கி மாற்றி பொருத்துகிறார்கள். 32,000 அடிக்கு மேலே அறைக் காற்றில் எந்த நேரத்திலும் 0.25 பிபிஎம் (பத்து லட்சத்தில் ஒரு பங்கு என்பது ஒரு பிபிஎம்) தாண்டக்கூடாது என்பது அமெரிக்க விதி.

குளிர்பதன வாயுவை விட்டது பெரும்பாலும் வட கோளம். ஓட்டை மட்டும் ஏன் அண்டார்க்டிகாவில்?

சிஎஃப்சி எனப்படும் குளோரோஃப்ளோரோ கார்பன்கள் எதனுடனும் வினைபுரியாதவை. மழை கரைக்காது, மண் உறிஞ்சாது. ஓரிரு ஆண்டில் உலகம் முழுக்கக் கலந்து, மெதுவாக அடுக்கு மண்டலம் ஏறி, அங்குள்ள புற ஊதாவில் உடைந்து குளோரினை விடுகின்றன. ஒரு குளோரின் அணு, செயலிழப்பதற்குள் ஒரு லட்சம் ஓசோன் மூலக்கூறுகள்வரை சிதைக்கக்கூடும். வேதியியலாளர்கள் மொலினாவும் ரோலண்டும் 1974-இல் இதை எச்சரித்தார்கள். 1995-இல் குருட்சனுடன் சேர்த்து வேதியியல் நோபல் பெற்றார்கள்.

அண்டார்க்டிகாவின் தனித்தன்மை குளிர். அங்கே குளிர்கால இருளில் காற்று ஒரு பெரிய சுழலுக்குள் அடைபட்டு, மைனஸ் 78 டிகிரிக்குக் கீழே போகும்போது அடுக்கு மண்டலத்திலும் மேகம் கட்டுகிறது. அந்த மேகத் துகள்களின் மேற்பரப்பில், செயலற்றுக் கிடந்த குளோரின் சேர்மங்கள் சுறுசுறுப்பான வடிவத்துக்கு மாறிக் காத்திருக்கின்றன. செப்டம்பரில் முதல் வெயில் பட்டதும் அழிவு தொடங்கும். 220 டாப்சனுக்குக் கீழே போனால் அதை ஓட்டை என்கிறோம்; மிக மோசமான நாட்களில் 100-க்கும் கீழே போயிருக்கிறது. 'ஓட்டை' என்றாலும் முழுக்க வெறுமையில்லை, மெலிவுதான். அண்டார்க்டிகாவில் உள்ள ஹாலி ஆய்வு நிலையத்தின் அளவீடுகளைக் கொண்டு பிரிட்டன் ஆய்வாளர்கள் ஃபார்மன், கார்டினர், ஷாங்க்ளின் மூவரும் 1985-இல் இதை வெளியிட்டார்கள். 2000 செப்டம்பரில் அதன் பரப்பு ஏறத்தாழ 3 கோடி சதுர கிலோமீட்டர், இந்தியாவைப் போல ஒன்பது மடங்கு.

நம்ம ஊர் வெயில் இப்படிக் கொளுத்துவதற்கு ஓசோன் ஓட்டைதானே காரணம்?

இல்லை. வெப்பம் கூடுவதற்கு முதன்மைக் காரணம் கரியமில வாயுவும் மீத்தேனும். ஓட்டை இங்கிருந்து வெகு தொலைவில். நண்பகலில் புற ஊதாக் குறியீடு இங்கே கோடையில் 11-ஐத் தாண்டுவதற்குக் காரணம் சூரியன் உச்சந்தலையில் நிற்பதும், இயல்பாகவே மெல்லிய படலமும்.

ஆனால் இரண்டு கதைகளும் ஓரிடத்தில் தொட்டுக்கொள்கின்றன. தரைப்பக்க ஓசோனே ஒரு பசுமைக்குடில் வாயு. மனிதர்களால் கூடியவற்றில் கரியமில வாயு, மீத்தேனுக்கு அடுத்த வரிசையில் வைக்கப்படுவது. மீத்தேன் கசிவு குறைந்தால் உலகளாவிய அடிப்படை ஓசோனும் குறையும். சிஎஃப்சியும் பலமான பசுமைக்குடில் வாயுதான்.

ஓட்டை சரியாகிவிட்டதா?

சரியாகிக்கொண்டிருக்கிறது. 1987 செப்டம்பர் 16-இல், சிஎஃப்சி போன்ற ஓசோனைக் கெடுக்கும் பொருள்களை ஒழிப்பதற்கான மாண்ட்ரியல் ஒப்பந்தம் கையெழுத்தானது. அந்த நாளையே உலக ஓசோன் தினமாக வைத்திருக்கிறார்கள். இந்தியா 1992-இல் சேர்ந்தது. ஐ.நா. ஆதரவில் வெளியான 2022 மதிப்பீட்டின்படி, இப்போதைய கொள்கைகள் தொடர்ந்தால் 1980-இல் இருந்த அளவுக்கு அண்டார்க்டிகாவில் 2066 வாக்கிலும், ஆர்க்டிக்கில் 2045 வாக்கிலும், மற்ற இடங்களில் 2040 வாக்கிலும் திரும்பும். இவ்வளவு காலம் பிடிப்பதற்குக் காரணம், சிஎஃப்சி-12 காற்றில் ஏறத்தாழ நூறு ஆண்டு நிற்பது. நடுவில் ஓராண்டு ஓட்டை பெரிதானால் ஒப்பந்தம் தோற்றுவிட்டது என்று செய்தி வரும். அந்த ஆண்டுக் குளிர் எப்படி என்பதைப் பொறுத்து ஏறி இறங்குவது இயல்பு.

தரைமட்ட ஓசோனுக்கு இப்படி ஓர் உலக ஒப்பந்தம் இல்லை. சில தொழிற்சாலைகள் தயாரிக்கும் ஒரே வகைப் பொருளை நிறுத்துவது ஒன்று. ஒவ்வொரு இன்ஜினையும் பெயின்ட் டப்பாவையும் கவனிப்பது இன்னொன்று.

வீட்டில் பழைய ஏசி இருக்கிறது. என்ன பார்க்க வேண்டும்?

வெளி யூனிட்டின் பெயர்த்தகட்டில் வாயுவின் பெயர் இருக்கும். ஆர்-22 என்றால் குளோரின் உண்டு. சிஎஃப்சி-11-ஐ 1 என்று வைத்தால் ஓசோனைச் சிதைக்கும் திறன் 0.055. ஆர்-410ஏ, ஆர்-32 இரண்டிலும் குளோரின் இல்லை, ஆகவே படலத்துக்குத் தீங்கில்லை. வெப்பமாக்கும் திறனில் ஆர்-410ஏ ஏறத்தாழ 2,090, ஆர்-32 ஏறத்தாழ 675 (கரியமில வாயு 1). இந்த வகை வாயுக்களையும் படிப்படியாகக் குறைக்கத்தான் 2016-இல் மாண்ட்ரியல் ஒப்பந்தத்துக்குக் கிகாலித் திருத்தம் வந்தது.

'கேஸ் குறைஞ்சிருச்சு, டாப் அப் பண்ணிடலாம்' என்று மெக்கானிக் சொன்னால் முதலில் கசிவைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். வாயு தேயாது, குறைந்திருந்தால் எங்கோ கசிகிறது, பெரும்பாலும் ஃபிளேர் நட் இணைப்பிலோ காயிலிலோ. சோப்பு நுரையோ நைட்ரஜன் அழுத்தச் சோதனையோ போதும். யூனிட்டைக் கழற்றும்போது வாயுவைத் திறந்து காற்றில் விடாமல், வெளி யூனிட்டுக்குள் இழுத்து அடைக்கவோ மீட்புச் சிலிண்டரில் பிடிக்கவோ கேளுங்கள். ஆர்-22 இயந்திரத்தில் ஆர்-32 நிரப்புவது ஆபத்து: அழுத்தம் ஒன்றரை மடங்குக்கு மேல், தீப்பற்றும் தன்மையும் உண்டு.

பாதுகாப்பான அளவு எவ்வளவு? ஆப்பில் எப்படிப் பார்ப்பது?

இந்தியத் தரம்: 8 மணி நேரச் சராசரி ஒரு கன மீட்டருக்கு 100 மைக்ரோகிராம், ஒரு மணி நேரத்துக்கு 180. உலக சுகாதார நிறுவனத்தின் 8 மணி நேர அளவும் 100. பிபிபி (நூறு கோடியில் ஒரு பங்கு) கணக்கில் வந்தால் இரண்டால் பெருக்கினால் ஏறத்தாழ மைக்ரோகிராம்.

ஆப் காட்டும் காற்றுத் தரக் குறியீட்டு எண்ணில் ஒரு பொறி உண்டு. இந்தியக் குறியீட்டில் 100 என்பது 100 மைக்ரோகிராம், அதாவது 51 பிபிபி. அமெரிக்கக் குறியீட்டில் 100 என்பது 70 பிபிபி. அதே 51 பிபிபி காற்றை அமெரிக்க முறையில் கணக்கிடும் ஆப் 50-க்குக் கீழே, பச்சையில் காட்டும். ஆகவே எண்ணைப் பார்க்காமல் ஓசோனின் செறிவைத் தனியே திறந்து பாருங்கள். தவிர, மொத்தக் குறியீடு எந்த மாசு மிக மோசமோ அதை மட்டுமே காட்டும். துகள் முன்னால் நின்றால் ஓசோன் மறைந்துவிடும்.

உடலுக்கு என்ன செய்யும்? முகக்கவசம் போதுமா?

தொண்டை எரிச்சல், இருமல், ஆழ்ந்து மூச்சிழுத்தால் நெஞ்சில் வலி. ஆஸ்துமா உள்ளவர்களுக்கு அன்றோ மறுநாளோ இழுப்பு கூடும். வெளியில் ஓடியாடும் குழந்தைகளும் வெயிலில் உழைப்பவர்களும் அதிகம் வாங்குகிறார்கள், காரணம் அவர்கள் இழுக்கும் காற்றின் அளவு. என்95 கவசம் துகளைத்தான் பிடிக்கும். ஓசோன் வாயு, அதைத் தாண்டிவிடும். கிளர்வூட்டிய கரி அடுக்குள்ள கவசம் ஓரளவு பிடிக்கும். எளிய வழி, பிற்பகல் உச்சத்தில் உள்ளே இருப்பது. சன்னலை மூடினால் உள்ளே வெகுவாகக் குறையும். (ஆஸ்துமா இன்ஹேலரில் மருந்தைத் தள்ள ஒருகாலத்தில் சிஎஃப்சிதான் இருந்தது. கீழ் ஓசோனால் வந்த இழுப்புக்கு மேல் ஓசோனைக் கெடுக்கும் மருந்து!)

ஓசோன் விடும் காற்றுச் சுத்திகரிப்பான் வாங்கலாமா?

வேண்டாம். நாற்றத்தையும் கிருமியையும் உண்மையாகவே ஒழிக்கும் அளவுக்கு ஓசோன் விட்டால் அந்த அறையில் ஆள் இருக்க முடியாது. ஆள் இருக்கக்கூடிய அளவுக்கு விட்டால் காற்றில் உள்ள கிருமிக்கு ஒன்றும் ஆகாது. எலுமிச்சை, பைன் வாசனைத் திரவங்களோடு சேர்ந்தால் ஃபார்மால்டிஹைடும் நுண்துகளும் கூட உண்டாகும். கலிஃபோர்னியாவில் 0.050 பிபிஎம்-க்கு மேல் ஓசோன் விடும் கருவியை வீட்டுக்கு விற்கத் தடை. 'ஆக்டிவ் ஆக்சிஜன்' என்று பெட்டியில் எழுதியிருந்தால் அதுவும் ஓசோன்தான். குடிநீர் ஆலைகளில் ஓசோன் பயன்படுவது வேறு விஷயம். அங்கே மூடிய தொட்டி, எஞ்சிய வாயுவைச் சிதைக்கும் அமைப்பு எல்லாம் உண்டு.

பயிருக்கு?

இலைத்துளை வழியே உள்ளே போய், ஒளிச்சேர்க்கையைக் குறைக்கிறது. கோதுமையும் சோயாவும் எளிதில் பாதிக்கப்படும். நெல் அவற்றைவிடத் தாங்கும். முதிர்ந்த இலையின் மேற்பக்கத்தில், நரம்புகளுக்கு இடையே மட்டும், நுண்ணிய பழுப்புப் புள்ளிகள் வந்தால் ஓசோனைச் சந்தேகிக்கலாம். அடிப்பக்கத்திலும் நரம்பின் மேலும் இருந்தால் பூச்சியையோ பூஞ்சையையோ தேடுங்கள்.

பள்ளியில் செய்து காட்ட ஏதாவது சோதனை உண்டா?

உண்டு, ஓசோனுக்குப் பெயர் வைத்த வேதியியலாளர் ஷான்பைன் காலத்து முறை. 100 மில்லி வாலைவடிநீரில் 5 கிராம் சோள மாவைக் கரைத்து, கண்ணாடி போல ஆகும்வரை கிளறிக் காய்ச்சவும். இறக்கி 1 கிராம் பொட்டாசியம் அயோடைடைக் கலக்கவும். ஆறியதும் வடிதாளின் இருபுறமும் பூசி, இருட்டில் உலர்த்தி, காற்றுப் புகாத பையில் வைக்கவும். சோதிக்கும் நாளில் வாலைவடிநீரில் நனைத்து, நிழலில் எட்டு மணி நேரம் தொங்கவிட்டு, மறுபடி நனைத்துப் பாருங்கள். ஓசோன் அயோடினைப் பிரிக்க, மாவு நீலம் அல்லது ஊதா நிறம் காட்டும்.

பிழைக்கும் இடங்கள் சில. குழாய்த் தண்ணீரில் நனைத்தால் அதிலுள்ள குளோரினே நீலமாக்கிவிடும். நேரடி வெயிலில் வைத்தால் வெளிச்சமே அயோடைடைப் பிரிக்கும். ஈரப்பதம் கூடிய நாளில் நிறம் அழுத்தமாக வரும். எனவே இரண்டு நாட்களை ஒப்பிடும்போது ஈரப்பதத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். சாலையோரத்தில் நைட்ரஜன் டையாக்சைடும் கொஞ்சம் நிறம் தரும். ஒரு தாளை மூடிய பையிலேயே ஒப்பீட்டுக்கு விட்டுவைக்க மறக்க வேண்டாம்.

காற்றுத் தரக் கண்காணிப்பு நிலையங்களில் உள்ள கருவி 254 நானோமீட்டர் ஒளியைக் காற்றின் வழியே செலுத்தி, எவ்வளவு உறிஞ்சப்படுகிறது என்று பார்க்கிறது. மேலே படலம் செய்யும் அதே வேலை, ஒரு முழ நீளக் குழாய்க்குள். அங்கே வழக்கமாக வரும் கோளாறு உள்ளிழு குழாயில் படியும் தூசு. தூசு ஓசோனைத் தின்றுவிட, கருவி உண்மையைவிடக் குறைத்துக் காட்டும். அதனால்தான் குழாய் டெஃப்லானில் இருக்க வேண்டும், முகப்பு வடிகட்டியை அட்டவணைப்படி மாற்ற வேண்டும். பக்கத்து நிலையங்கள் ஏறும் கோடைப் பிற்பகலில் ஒரு நிலையம் மட்டும் நாள்கணக்கில் தட்டையாக நின்றால், அங்கே காற்று சுத்தம் என்று எழுதுவதற்கு முன் வடிகட்டி எப்போது மாற்றப்பட்டது என்று கேளுங்கள்.